பட்டியிலிருந்து பரிசோதனைச்சாலைக்கு

1987-ஆம் ஆண்டில், அந்நாளைய தென் ஆர்க்காடு மாவட்டத்தில் விழுப்புரத்தை அடுத்த அரசூர் என்னும் ஊரில் செம்மறியாடுகளிடையே ஒரு கொள்ளை நோய் புகுந்தது. காய்ச்சல் கண்டு, கண்ணிலும் மூக்கிலும் சளி வடிந்து, ஈறும் நாவும் புண்ணாகி, இரை எடுக்காமல், கழிச்சலில் துவண்டு, மூச்சிரைத்து ஆடுகள் மடிகிற அந்நோய்க்குக் கண்ணால் கண்ட அளவில் பெயர் சொல்வதானால், மாடுகளைத் தலைமுறை தலைமுறையாக வாரிக்கொண்டு போன வெக்கை நோய்தான் ஆட்டுக்கும் தாவிவிட்டது என்று சொல்வதே இயல்பு. அதற்கு முன் இந்நாட்டில் ஆடுகளுக்கு அத்தகைய நோய் வந்தபோதெல்லாம் பெரும்பாலும் அப்படித்தான் எழுதியும் வைத்தார்கள். ஆனால் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த எம். எஸ். ஷைலாவும் தமிழ்நாட்டுக் கால்நடை விஞ்ஞானிகளும் சேர்ந்து ஆராய்ந்தபோது, அது வெக்கையின் வைரஸ் அன்று, அதற்கு மிக நெருங்கிய உறவுடைய வேறொரு வைரஸ் என்பது நிரூபணமாயிற்று. 1942-இல் மேற்கு ஆப்பிரிக்காவின் ஐவரி கோஸ்டில் முதன்முதலாக விவரிக்கப்பட்டதும், இன்று நம் ஆடு வளர்ப்போர் ஆட்டுக்கொல்லி என்று சொல்வதுமான அந்நோய் இந்தியாவில் இருப்பது அரசூரின் ஆடுகளால்தான் உலகுக்குத் தெரிந்தது. அந்த ஊரில் எடுத்த வைரஸே பிற்பாடு வீரியம் குறைக்கப்பட்டு, ‘அரசூர் 87’ என்ற பெயரோடு தடுப்பூசியாகவும் ஆயிற்று.

ஒரு பெயர் திருந்தியதனால் என்ன பெரிய காரியம் நடந்துவிட்டது என்று சாமானியர் கேட்கக்கூடும். அக்காலத்தில் வெக்கையை நாட்டைவிட்டே ஒழிக்கும் பெருமுயற்சி நடந்துகொண்டிருந்தது. ஆட்டுப் பட்டியில் விழுந்த ஒவ்வொரு ஆட்டையும் வெக்கையின் கணக்கில் எழுதியிருந்தால், மாடுகளுக்கு எத்தனை ஊசி போட்டாலும் அந்தக் கணக்கு ஒருகாலும் பூஜ்யத்துக்கு வந்திராது. ஆட்டுக்கு உரிய தடுப்பூசியும் பிறந்திராது. இரண்டு வைரஸ்களுக்கும் பொதுவான புரதங்கள் பல இருந்தமையால், அந்நாளில் வழக்கமாகச் செய்துவந்த ஜெல் பரவல் சோதனை இரண்டையும் ஒன்றென்றே காட்டும். ஒன்றன் எதிர்ப்பொருள் மற்றதை எந்த அளவுக்கு அடக்குகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நடுநிலையாக்கச் சோதனையும், வைரஸின் மரபுப்பொருளோடு மட்டும் இணையக்கூடிய துணுக்குகளைக் கொண்டு தேடும் சோதனையும் வந்த பிறகுதான் இவ்விரண்டையும் ஐயமறப் பிரித்தறிய முடிந்தது.

அரசூர் ஒரு நோயின் முதல் பதிவு என்றால், இன்னொரு நோயின் கடைசிப் பதிவும் இதே வட தமிழ்நாட்டில்தான் நிகழ்ந்தது. 1995-இல் வட ஆர்க்காட்டுப் பகுதியில் கண்ட வெக்கையே இந்தியாவின் கடைசி வெக்கை. அந்நோயின் வரலாற்றில் பாலாற்றங்கரைக்கு இருந்த பங்கு சிறிதன்று. இராணிப்பேட்டையில் 1932-இல் நிறுவப்பட்ட கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம், வெக்கைக்கு ஊநீரும் தடுப்பு மருந்தும் ஆக்கித் தென்னாட்டு உழவர்களின் ஏர்மாடுகளைக் காத்த ஸ்தாபனம். கடைசி வெக்கை அடங்கிய பிறகு செய்த வேலை, அடங்குவதற்கு முன் செய்த வேலையைக் காட்டிலும் நுட்பமானது என்பது என் அபிப்பிராயம். இருக்கின்ற நோயை இருக்கிறதென்று காட்ட ஒரு மாடு போதும். இல்லாத நோயை இல்லையென்று காட்ட ஆயிரமாயிரம் மாடுகளின் இரத்தம் வேண்டும். தடுப்பூசி போட்ட மாட்டின் இரத்தத்திலும் எதிர்ப்பொருள் இருக்கும், நோய் கண்டு பிழைத்த மாட்டின் இரத்தத்திலும் அதுவே இருக்கும் என்பதனால், முதலில் ஊசியை நிறுத்தினார்கள். பிறகு ஊர் ஊராகச் சென்று இரத்தம் எடுத்து, எலைசா என்னும் நிறச் சோதனையில் வைத்து, எங்கேனும் அந்த எதிர்ப்பொருள் ஒளிந்திருக்கிறதா என்று ஆண்டுக்கணக்கில் தேடினார்கள். 2006-இல் இந்தியா வெக்கைத் தொற்று நீங்கிய நாடென்று உலகக் கால்நடை நல அமைப்பினால் ஏற்கப்பட்டது. 2011-இல் உலகமே நீங்கியதாக அறிவிக்கப்பட்டது. மனித முயற்சியால் பூமியைவிட்டு அகன்ற நோய்கள் இரண்டே. பெரியம்மைக்கு அடுத்த இரண்டாவது இது. கோவில் கட்டிக் கொண்டாடத்தக்க இச்செய்தி நம் பள்ளிப் பாடங்களில் ஒரு வரியாகக் கூடக் காணப்படாதது எனக்கு வருத்தமே.

இவ்வளவு பெருமையுள்ள பிரதேசத்தில் இன்றைய நிலை யாது என்று பார்க்க வேண்டியவர்கள் ஓரிக்கைக்கு வரலாம். காஞ்சிபுரத்தின் தென்கிழக்கு ஓரத்தில், மணிமண்டபத்தைத் தாண்டிப் பாலாற்றுப் படுகையில் இறங்கினால், மணலும் சீமைக் கருவேலும் கலந்த அந்த வெளியில் காலையிலிருந்து மாலை வரை ஆடுகள் மேய்ந்துகொண்டிருக்கும். கம்பளி மயிர் இல்லாத, செம்மண் நிறமுடைய ‘மெட்ராஸ் சிவப்பு’ என்னும் செம்மறி இனம் இவ்வட்டாரத்துக்கே உரியது. தறியில் கூலி குறைந்த மாதங்களில், நாலு ஆடு இருக்கிற வீட்டுக்கும் இல்லாத வீட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரிது. பள்ளிக்கூடச் சம்பளமும் அவசர வைத்தியச் செலவும் ஆட்டின் கழுத்துக் கயிற்றில்தான் கட்டியிருக்கின்றன. அங்கே மேய்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “போன தை மாசம் எட்டுக் குட்டி போச்சுங்க ஐயா. டாக்டரு வந்தாரு, நல்லாத்தான் பார்த்தாரு. மூக்குல பஞ்சுக்குச்சி விட்டு எடுத்துக்கிட்டுப் போனாரு. என்னா நோவுன்னு இன்னி வரைக்கும் யாரும் வந்து சொல்லலைங்க” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அப்படித்தான் நடக்கும் என்ற பழக்கம் இருந்தது. அந்தப் பழக்கம் மாற வேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அந்தப் பஞ்சுக்குச்சி எங்கே போகிறது என்பதை வாசகர் அறிதல் நல்லது. நோய் தொடங்கிய சில நாள்களுக்குள், காய்ச்சல் இறங்குவதற்கு முன், கண்ணிலும் மூக்கிலும் எடுத்த நீரில்தான் வைரஸ் மிகுதியாக இருக்கும். ஆடு இறந்துவிட்டால் மண்ணீரலிலும் குடலைச் சார்ந்த நிணநீர்க் கட்டியிலும் சிறு துண்டு எடுக்க வேண்டும். எடுத்ததைப் பனிக்கட்டி வைத்த தெர்மகோல் பெட்டியில் அடக்கி, வெயில் ஏறுவதற்குள் அனுப்ப வேண்டும். ஆட்டுக்கொல்லியின் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. என்னும் நொய்ந்த வகையைச் சேர்ந்தது. சித்திரை வெயிலில் பேருந்தின் மேல்தட்டில் அரை நாள் கிடந்த குச்சியில் அது சிதைந்து போயிருக்கும். சிதைந்த மாதிரியைச் சோதித்து ‘இல்லை’ என்று எழுதினால், அந்த ‘இல்லை’ ஆட்டுக்குச் சொன்னதாகாது, வெயிலுக்குச் சொன்னதாகும். இதற்கு நேர்மாறாக, 2019-இல் ஒடிசாவில் முதன்முதலாகக் கண்டு, பிறகு நாடு முழுவதும் மாடுகளை வாட்டிய தோல் கழலை நோயின் வைரஸ் உலர்ந்த பொருக்கிலும் நெடுநாள் தாங்கும் உறுதியுடையது. ஒரே பெட்டியில் செல்கிற இரண்டு மாதிரிகளின் விதி இரண்டாக இருப்பது இதனால்தான். சோதனை என்பது ஆய்வுமேசையில் தொடங்குவதில்லை. பட்டியில் குச்சியைப் பிடிக்கும் கையில் தொடங்குகிறது.

மேசைக்கு வந்த பிறகு நடப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம் உண்டு. பாக்டீரியாவையும் தடுத்து நிறுத்தும் நுண்துளை வடிகட்டியைத் தாண்டிச் செல்லும் ஏதோ ஒன்றுதான் கோமாரிக்குக் காரணம் என்று லோஃப்லரும் ஃப்ராஷும் 1898-இல் கண்டதே, விலங்குகளின் வைரஸைப் பற்றிய முதல் அறிவு. கண்ணுக்குத் தெரியாத அதை உயிருள்ள ஒன்றில் வளர்த்துத்தான் காண முடிந்தது. முதலில் விலங்கிலேயே வளர்த்தார்கள். 1931-இல் குட்பாஸ்ச்சர் கருவுற்ற கோழிமுட்டையில் வளர்க்கக் கற்றுக்கொடுத்தார். பின்னர் கண்ணாடிக் குடுவையில் செல்களை வளர்த்து அவற்றில் வைரஸை ஊன்றும் முறை வந்தது. பறவைக் காய்ச்சலுக்கும் கோழிகளின் வெள்ளைக்கழிச்சலுக்கும் முட்டை முறை இன்றும் உயிரோடிருக்கிறது. ஒன்பது, பத்து நாள் அடைகாத்த முட்டையின் ஓட்டில் நுண்ணிய துளையிட்டு, மாதிரியைச் செலுத்தி, மெழுகால் மூடி, மீண்டும் வெப்பத்தில் வைத்து, சில நாள் கழித்து உள்நீரை எடுத்துக் கோழியின் சிவப்பணுக்களோடு கலந்தால், வைரஸ் இருக்கும் குழியில் அணுக்கள் அடியில் இறங்காமல் வலைபோல் பரந்து நிற்கும். இதைச் செய்து பழகிய கைகளுக்கு ஒரு பொறுமை உண்டு. இக்காலத்து வேகமான கருவிகளுக்கு முன்னால் அந்தப் பொறுமையைப் பழமையென்று தள்ளிவிடுவது தவறு. ஏனெனில் மாதிரியில் இருந்தது உயிருள்ள, தொற்றக்கூடிய வைரஸா என்ற கேள்விக்கு விடை சொல்வது இன்றளவும் வளர்ப்பு முறைதான்.

வெறிநோயைப் பொறுத்தவரை முறை வேறு. இறந்த நாயின் மூளையில் சிறு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, ஒளிரும் பொருள் சேர்த்த எதிர்ப்பொருளை அதன்மேல் விட்டு, தனி விளக்குள்ள நுண்ணோக்கியில் பார்த்தால், வைரஸ் இருக்குமிடம் பச்சையாக மின்னும். 1903-இல் நெக்ரி கண்ட செல் உள்ளுருக்களைத் தேடிக்கொண்டிருந்த காலம் போய், 1950-களின் இறுதியில் வந்த இந்த ஒளிர்முறையே இன்றும் உரைகல்லாக இருக்கிறது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நாய் கடித்தவர் இந்தச் சோதனையின் முடிவுக்காக ஒரு நாளும் காத்திருத்தல் ஆகாது. காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சோதனை ஊரைக் காப்பதற்கு. கடிபட்டவரைக் காப்பது ஊசி.

எலைசாவும் பி.சி.ஆரும் இக்காலத்தின் இரு கண்கள். 1971-இல் ஸ்வீடனில் எங்வாலும் பெர்ல்மனும் வகுத்த எலைசாவில், தொண்ணூற்றாறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் ஒரே வேளையில் தொண்ணூறு ஆடுகளின் இரத்தத்தை வைத்துவிடலாம். எதிர்ப்பொருள் உள்ள குழியில் ஒரு நிறம், இல்லாத குழியில் வேறு நிறம். கேரி முல்லிஸ் 1983-இல் கண்ட பி.சி.ஆர். முறை வைரஸின் மரபுப்பொருளையே தேடுவது. ஆர்.என்.ஏ. வைரஸாக இருந்தால் முதலில் அதை டி.என்.ஏ.வாகப் பெயர்த்தெழுதி, பிறகு 95 பாகை வெப்பத்தில் இரட்டை இழையைப் பிரித்து, 60 பாகை அளவில் தணித்து, நாம் தேடும் வைரஸுக்கே உரிய இரு சிறு துணுக்குகளை அதில் படியவைத்து, இடையிலுள்ள பகுதியை நகலெடுக்கச் செய்கிறார்கள். ஒவ்வொரு சுற்றிலும் நகல் இரட்டிக்கிறது; முப்பது சுற்றில் ஒன்று நூறு கோடியைத் தாண்டுகிறது. எந்தச் சுற்றில் ஒளி தோன்றுகிறது என்பதைக் கொண்டு மாதிரியில் வைரஸ் மிகுதியா, சொற்பமா என்றும் மதிப்பிடலாம். ஆனால் இந்த அசாதாரணமான கூர்மையே ஓர் அபாயமும் ஆகும். பக்கத்துக் குழாயிலிருந்து தெறித்த ஒரு துளி, கையுறையில் ஒட்டிய ஒரு தூசி, முந்தின நாள் சோதனையின் எச்சம் இவையெல்லாம் நோயற்ற ஆட்டை நோயாளி ஆக்கிவிடும். வெறும் நீரை வைத்த குழியும், வைரஸ் இருப்பது நிச்சயமான குழியும் ஒவ்வொரு தட்டிலும் கூடவே ஓடாவிட்டால் அந்தத் தட்டின் விடையை நம்பக் கூடாது. பி.சி.ஆரில் ஒளி தெரிந்தது என்றால் மரபுப்பொருளின் ஒரு துண்டு இருந்தது என்று பொருள். உயிருள்ள வைரஸ் இருந்தது என்று அதற்குள் முடிவு கட்டிவிடலாகாது. பத்திரிகையில் எழுதுகிற நாமும் இந்த வேற்றுமையைக் காத்து எழுதினால் ஊரில் பாதிப் பீதி குறையும்.

காஞ்சிபுரத்து வாசகருக்கு இது விளங்காத விஷயமன்று. ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, பொன் எவ்வளவு என்று கருவியில் வைத்துப் பார்க்காமல், மினுமினுப்பை மட்டும் நம்பி ஒரு நல்ல வியாபாரி கொள்முதல் செய்வதில்லை. பட்டுநூல் சுத்தப் பட்டுதானா என்பதற்கும் சோதனை உண்டு, முத்திரை உண்டு. புடவையில் ஓடுகிற இழைக்கு இவ்வளவு சிரத்தை காட்டுகிற ஊரில், கொட்டிலில் நிற்கிற உயிருக்கு மட்டும் கண்மதிப்பே போதுமென்று இருப்பது நியாயமாகாது.

பட்டு என்று சொல்லும்போதே இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கர்நாடகத்திலிருந்தும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்தும் இங்கே வந்து பாவும் ஊடையுமாக ஆகிற பட்டுநூல் ஒரு பிராணியின் எச்சில் அல்லவா? அந்தப் புழுவுக்கும் வைரஸ் நோய் உண்டு. கிராசரி என்னும் பால்புழு நோய் கண்ட புழு, தோல் பளபளத்து, கணுக்களுக்கு இடையே வீங்கி, ஓரிடத்தில் அடங்கி இலை தின்னாமல் தட்டின் விளிம்பை நோக்கி ஊர்ந்துகொண்டே இருக்கும். தோல் கிழிந்தால் பால் போன்ற வெண்ணீர் கசியும். கூடு கட்டாமலே சாகும். கசிந்த ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பள்ளிக்கூடத்தில் இருப்பது போன்ற நுண்ணோக்கியில் பார்த்தாலும், ஒளியை வாரி வீசும் பன்முகப் படிகங்கள் திரளாகத் தெரியும். வைரஸ்கள் சாதாரண நுண்ணோக்கிக்குச் சிக்காதவை. ஆயினும் இவ்வைரஸ் தன்னைச் சுற்றிப் புரதப் படிகம் ஒன்றை ஆக்கிக்கொண்டு அதற்குள் உறைவதனால், அந்தப் படிகம் நம் கண்ணுக்கு அகப்படுகிறது. பட்டுப்புழுவின் பெப்ரின் நோய்க்கு, முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, குற்றமுள்ள முட்டைகளை அழிக்கும் முறையை லூயி பாஸ்டர் 1860-களில் தென் பிரான்சில் வகுத்தார். பெப்ரின் வைரஸ் நோயன்று என்றாலும், விலங்கின் நோயைக் கருவி கொண்டு முன்கூட்டியே கண்டு ஒரு தொழிலைக் காத்த முதல் பெரிய உதாரணம் அது. விஞ்ஞானம் பட்டுநெசவாளிக்கு அந்நியம் என்று எண்ணுவோர் பாஸ்டரின் அந்த ஆண்டுகளைப் படித்துப் பார்க்கட்டும்.

இனித் தூரத்தைப் பற்றிய பேச்சுக்கு வருகிறேன். 2021 ஜூன் 3-ஆம் நாள் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் நீலா என்ற பெண் சிங்கம் இறந்தது. பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள உயர்பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்குச் சென்றன. ஒன்பதில் கொரோனா வைரஸ் இருப்பதாக விடை வந்தது. சில நாளில், அது அப்போது மனிதரிடையே பரவிக்கொண்டிருந்த டெல்டா வகையே என்பதும் மரபுவரிசை கொண்டு நிர்ணயிக்கப்பட்டது. அதே மாதத்தில் முதுமலை தெப்பக்காடு முகாமின் இருபத்தெட்டு யானைகளின் மாதிரிகள் உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இசத்நகரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் போயின. நோய் இல்லையென்று விடை வந்தது. இவ்விரு நிறுவனங்களின் திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2018-இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் நோய் தோன்றியபோது, முதலில் பிடித்த பூச்சி தின்னும் வவ்வால்களிலும் பன்றிகளிலும் வைரஸ் இல்லையென்று போபால் சொன்னது சரியான விடையே. தேட வேண்டியது பழந்தின்னி வவ்வாலில் என்று திரும்பி, அவற்றில் புனேயில் உள்ள வைரஸ் ஆய்வு நிறுவனம் கண்டு சொன்னது. எந்த விலங்கில், எந்த நாளில், எந்த உறுப்பில் தேடுகிறோம் என்பதே விடையில் பாதி.

மிகக் கொடிய வைரஸ்களை மிகக் காவலான இடத்தில் மட்டுமே கையாள வேண்டும் என்பதையும் மறுக்கவில்லை. 1889-இல் புனேயில் தொடங்கிய கால்நடை ஆய்வுக்கூடத்தை 1893-இல் குமாவுன் மலைக்காட்டில் முக்தேசுவரத்துக்குக் கொண்டுபோய் வைத்தவர்கள், தொற்று ஊருக்குள் பரவிவிடக் கூடாது என்று அஞ்சித்தான் வைத்தார்கள். அன்று வைரஸை வளர்த்துத்தான் பார்க்க முடியும். ஆகவே தூரம் அவசியமாக இருந்தது. இன்றோ, மாதிரியைப் பட்டியிலேயே மருந்து தோய்த்த வடிதாளில் ஒற்றி உலர்த்தினால் வைரஸ் செயலற்றுப் போகும், மரபுப்பொருள் மட்டும் வெயிலுக்கும் கெடாமல் நிற்கும். தபாலுறையில் வைத்து அனுப்பலாம். கருப்பப் பரிசோதனைப் பட்டையைப் போல் கோடு காட்டும் பட்டைகளை, வெக்கை ஒழிப்பின் இறுதிக் காலத்தில் மாட்டின் கண்ணீரைக் கொண்டே பட்டியருகில் வைத்துப் பார்த்தார்கள். லாம்ப் என்னும் முறையில் வெப்பத்தை ஏற்றி இறக்கும் விலையுயர்ந்த இயந்திரமும் வேண்டாம். 65 பாகை அளவில் நிலையாக நிற்கும் ஒரு நீர்த்தொட்டி போதும். இத்தனை உபாயங்கள் கைக்கு வந்த பின்பும் எல்லாவற்றுக்கும் தலைநகரத்தையும் வடநாட்டையும் எதிர்பார்த்திருப்பது பழைய வழக்கத்தின் பாரமே தவிர வேறில்லை. மாவட்டத்தில் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவு இருக்கிறது. அதற்கு வேண்டியது புதிய பெயர்ப்பலகை அன்று. தடையற்ற மின்சாரமும், ரசாயனம் தீர்ந்தவுடன் வாங்கிக்கொள்ளும் அதிகாரமும், இரண்டு ஆண்டில் இடமாற்றம் ஆகாத பயிற்சி பெற்ற இரண்டு ஊழியர்களும் வேண்டும்.

விலங்கைப் போலவே நீரும் சாட்சி சொல்லும். மனிதனின் குடலில் வளரும் வைரஸ், நோய்க் குறி வெளியே தெரியும் முன்பே மலத்தோடு இறங்கிச் சாக்கடையில் சேர்ந்துவிடுகிறது. 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் பாலும் டிராஸ்க்கும் சாக்கடை நீரில் இளம்பிள்ளைவாதக் கிருமியைக் கண்டபோது, அதைக் காட்டக் குரங்குகளைத்தான் பயன்படுத்த வேண்டியிருந்தது. இன்று அரை லிட்டர் சாக்கடை நீரைச் சில மில்லிலிட்டர்களாகச் செறிவாக்கி, போலியோ வைரஸ் மட்டுமே நுழையக்கூடிய ஏற்பி பதிக்கப்பட்ட எலிச் செல்களில் இட்டுப் பார்க்கிறார்கள். இந்தியாவில் மும்பையில் 2001-இல் இது தொடங்கியது. அந்நகரச் சாக்கடையில் 2010 நவம்பரில் கண்டதற்குப் பிறகு காட்டு வகைப் போலியோ இந்நாட்டின் எந்தச் சாக்கடையிலும் காணப்படவில்லை என்பதும், 2014-இல் நாம் போலியோ நீங்கியவர்கள் என்று ஏற்கப்பட்டதற்கு ஒரு பலமாயிற்று. 2022-இல் லண்டன் சாக்கடையில் தடுப்பு மருந்திலிருந்து பிறழ்ந்த போலியோ வைரஸ் தென்பட்டபோது, ஒரு குழந்தையும் முடங்குவதற்கு முன்பே, ஒன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள நகரக் குழந்தைகளுக்கு மேலும் ஒரு தவணை கொடுக்க முடிந்தது. கொரோனா காலத்தில் அகமதாபாத்தின் சாக்கடை நீரில் அதன் மரபுப்பொருளை 2020 மே மாதத்திலேயே காந்திநகர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்தவர்கள் கண்டார்கள். தொற்று அடங்கியதும் இம்முயற்சிகளில் பலவற்றை மறந்துவிட்டோம். வெள்ளம் வடிந்ததும் கரையைக் கைவிடுகிற அந்த மறதிதான் எனக்கு ஆற்றாமை தருகிறது.

வேகவதி ஆற்றைப் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது புரியும். காஞ்சியின் கழிவை வாங்கிக்கொண்டு அது கீழ்த்திசையில் சென்று, திருமுக்கூடலில் பாலாற்றோடும் செய்யாற்றோடும் கலக்கிறது. அங்கே பெருமாள் கோவிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ஆம் நூற்றாண்டில் அங்கே பதினைந்து படுக்கையுடன் ஓர் ஆதுலர்சாலை நடந்ததையும், வைத்தியரும் அறுவை மருத்துவரும் மூலிகை கொணர்வோரும் மருந்து காய்ச்சும் பெண்டிரும் இருந்ததையும், அவர்களுக்கு அளந்த நெல்லையும், ஓராண்டுக்கு இருப்பு வைத்த மருந்துகளின் பெயர்களையும் அது பொறித்து வைத்திருக்கிறது. கணக்கை மறைக்காமல் கல்லில் வெட்டி எல்லோரும் காணும்படி வைத்த அந்தப் பண்பு, இந்த ஆற்றங்கரைக்கு ஒரு காலத்தில் இயல்பாக இருந்தது.

இந்நதியின் நீரைச் சோதிப்பதில் உள்ள சிரமங்களும் சொல்லத்தக்கவை. சாயப்பட்டறை நீர் கலந்த இடத்தில் சில சாயங்களும், அழுகிய இலைதழையின் ரசங்களும் பி.சி.ஆரின் நொதியை முடக்கிவிடும். வைரஸ் இருந்தும் ஒளி வராது. ஆகவே தீங்கற்ற ஒரு வைரஸை அளந்து மாதிரியில் முன்கூட்டியே கலந்து, அது திரும்பக் கிடைக்கிறதா என்று பார்த்துக்கொண்டுதான் மற்றதைத் தேட வேண்டும். மழை பெய்து நீர் பெருகினால் எண்ணிக்கை தாழும். அது நோய் தணிந்ததாகாது. இதற்கு ஓர் அழகான உபாயம் இருக்கிறது. மிளகாய்ச் செடிக்கு வரும் தேமல் வைரஸ் ஒன்று, நாம் உண்ணும் மிளகாயோடு உள்ளே சென்று, ஒரு கெடுதியும் செய்யாமல் அப்படியே வெளியேறுகிறது. சாக்கடையில் அது எவ்வளவு இருக்கிறது என்று அளந்தால், அந்த நீரில் மனிதக் கழிவு எவ்வளவு என்று தெரிந்துவிடும். அந்த அளவோடு வகுத்துப் பார்த்தால் மழையின் மயக்கம் நீங்கும். மிளகாய் இல்லாத சமையலே இல்லாத நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான அளவுகோல் வாய்க்காது.

இப்படிச் சோதித்தால் ஊருக்குக் கெட்ட பெயர் வரும், வியாபாரம் படுக்கும், யாத்திரிகர் குறைவர், ஆடு விலை போகாது என்று அஞ்சுவோர் உண்டு. அந்த அச்சத்தை இலேசாகத் தள்ளிவிட மாட்டேன். நோய் என்ற ஒரு சொல்லால் சந்தையே வெறிச்சோடிப்போன கோழிப்பண்ணையாளர்களின் துயரம் உண்மையானது. ஆனால் விடை தெரியாமையும் சந்தையைக் கெடுக்கவே செய்கிறது. எட்டுக் குட்டி இறந்த பட்டியிலிருந்து மிஞ்சிய ஆட்டை அச்சத்தில் அவசரமாக அடுத்த ஊர்ச் சந்தைக்கு ஓட்டிச் செல்வதால்தான் ஆட்டுக்கொல்லி ஊர்விட்டு ஊர் போகிறது. 1998-99-இல் மலேசியாவில், பன்றி வளர்ப்போரிடையே பரவிய மூளைக்காய்ச்சலை முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று கொண்டு கொசுவை ஒழிப்பதிலும் அதற்குரிய ஊசி போடுவதிலும் மாதங்கள் கழிந்தன. அதற்குள் நோய்ப்பட்ட பன்றிகளை விற்று வேறு மாநிலங்களுக்கு ஏற்றிவிட்டார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்தின் சுவா காவ் பிங் என்ற விஞ்ஞானி செல் குடுவையில் புதிய வைரஸைக் கண்டு, அதைத் தாமே எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்று மின் நுண்ணோக்கியில் காட்டிய பிறகே நிபா என்ற பெயரும் சரியான நடவடிக்கையும் வந்தன. அந்நோயில் நூறு பேருக்கு மேல் இறந்தார்கள்; பத்து லட்சம் பன்றிகள் அளவில் அழிக்கப்பட்டன. முதலில் தவறாகப் பெயரிட்டதன் விலை அது.

ஆட்டுக்கொல்லியை 2030-க்குள் உலகைவிட்டு ஒழிப்பது என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பும் உலகக் கால்நடை நல அமைப்பும் 2015-இல் தீர்மானித்தன. அதற்கான தடுப்பூசிகளில் ஒன்றை நல்கிய தமிழ்நாடு, முன்னால் நிற்க வேண்டிய நாடு. மாநகராட்சியாகிவிட்ட காஞ்சிபுரம் செய்யக்கூடியது மிகச் சிறியது. வாரம் ஒருமுறை, காலை நேரத்தில், நகரத்தின் புதைசாக்கடை சேருமிடத்தில் ஒன்றும் வேகவதி பாலாற்றுக்குச் செல்லும் வழியில் ஒன்றுமாக இரண்டு குப்பி நீர் எடுக்கட்டும். கால்நடைத் துறையும் பொதுச் சுகாதாரத் துறையும் தனித்தனியே இயந்திரம் வாங்காமல் ஒரே கருவியை ஒருவாரம் விட்டு ஒருவாரம் பங்கிட்டுக்கொள்ளட்டும். வைரஸுக்கு இலாகா வேற்றுமை தெரியாது. பட்டியில் மாதிரி எடுக்கும் உதவியாளர், எண்ணிட்ட சீட்டின் ஒரு பாதியை ஆட்டுக்காரர் கையில் கொடுக்கட்டும். நோய் உண்டென்றாலும் இல்லையென்றாலும், மாதிரி கெட்டுப்போய் விடை தெரியவில்லை என்றாலும், ஒரு வாரத்துக்குள் அந்தச் சீட்டின் எண்ணுக்கு உரிய விடையை அவருடைய கைப்பேசிக்குத் தமிழில் ஒரு வாக்கியமாகச் சொல்லட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் குரலாகச் சொல்லட்டும். நீர்ச் சோதனையின் முடிவை மாதந்தோறும் வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டட்டும். இதற்குத் தனிச் சட்டமோ புதிய வாரியமோ தேவையில்லை. மாநகராட்சி மன்றத்தின் ஒரு தீர்மானமும், இரு துறைகளின் மாவட்ட அதிகாரிகள் சேர்ந்து இடும் ஓர் உத்தரவும் போதும். வரவிருக்கும் வரவுசெலவுத் திட்டக் கூட்டத்திலேயே அந்தத் தீர்மானத்தைக் கொண்டுவரும்படி, ஓரிக்கையின் பிரதிநிதிகளையும் நகரத்தின் பிரதிநிதிகளையும் கேட்டுக்கொள்கிறேன்.